அயர்லாந்து இலக்கியத்தில் இனம், குடியேற்றம், அடையாளம்: படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ இந்தத் துறையை யோசிக்கிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. அயர்லாந்து இலக்கியம்னா ஜாய்ஸ், யேட்ஸ், பெக்கெட். இதுல இனம், குடியேற்றம் எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?

அயர்லாந்து நெடுங்காலம் ஆட்களை வெளியே அனுப்பிய நாடு. 1845 முதல் 1852 வரையிலான பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1950-களிலும் 1980-களிலும் மறுபடி கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். 1990-களின் நடுவில் பொருளாதாரம் 'செல்டிக் டைகர்' என்று பேரெடுக்கும் அளவுக்கு எகிற, போக்கு தலைகீழானது. 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 நாடுகள் புதிதாகச் சேர்ந்தன. அந்நாட்டவர்களுக்கு முதல் நாளிலிருந்தே வேலைக் கதவைத் திறந்துவிட்டவை அயர்லாந்து, பிரிட்டன், ஸ்வீடன் மூன்றுதான். 2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் வசிப்பவர்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர்.

தமிழில் இதற்கு இரண்டு சொல் இருப்பது வசதி. 'புலம்பெயர்தல்' கிளம்புகிறவரின் பக்கமிருந்து பார்க்கிறது. 'குடியேற்றம்' வந்து சேரும் இடத்திலிருந்து பார்க்கிறது. ஈழத்து எழுத்தால் முதல் சொல் நமக்கு நன்றாகப் பழக்கம். அயர்லாந்தில் இரண்டும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே தலைமுறையில் நடந்தன. அண்ணன் சிட்னிக்கு விமானம் ஏறுகிறான், பக்கத்து வீட்டுக்கு லாகோஸிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. இந்தத் துறையின் ருசி அந்த மடிப்பில்தான் இருக்கிறது. தப்புகள் அதிகம் நடப்பதும் அங்கேதான் (8-ஆம் கேள்வி).

2. 'இனம்'னு ஒரே சொல்லை வச்சு ஓட்டிடலாமா? ரேஸ், எத்னிசிட்டின்னு பிரிச்சுக்கணுமா?

பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'இனம்' எல்லாச் சுமையையும் தூக்குகிறது: தமிழினம், கறுப்பினம், இனக்கலவரம், இனப்படுகொலை, போதாததற்கு மாட்டினம் வேறு. தமிழில் குறிப்பெடுத்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறவர்கள் மூன்று வேறு கருத்துகளை ஒன்றாகக் குழைத்துவிடுவது இதனால்தான். குறிப்பேட்டில் 'ரேஸ்' (உடல் தோற்றத்தை வைத்துப் பிரிப்பது), 'எத்னிசிட்டி' (பொதுவான பண்பாடு, வம்சாவளி), 'நேஷன்' (தேசம்) என்றே எழுதி வையுங்கள். அழகாக இருக்காது, ஆனால் குழப்பம் வராது.

'நிறம்' என்று எழுதித் தப்பிக்கவும் முடியாது. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கேலிச்சித்திரங்கள் வெள்ளைத்தோல் ஐரிஷ்காரனைக் குரங்கு முகத்தோடு வரைந்தன. இன்று அயர்லாந்தில் மிகக் கடுமையாக ஒதுக்கப்படும் டிராவலர்களும் (தலைமுறைகளாக ஊர் ஊராகப் போய் வாழ்ந்த ஐரிஷ் குழுவினர்; 7-ஆம் கேள்வி) வெள்ளைத்தோல்காரர்களே. எனவே 'எந்த இனம்' என்று தொடங்காதீர்கள். யார், யாரை, எந்த அடையாளத்தை வைத்து, எந்த ஆண்டில் 'வேற ஆள்' ஆக்கினார்கள் என்று கேளுங்கள். கேள்வியில் ஆண்டு இருப்பது முக்கியம்.

3. முதல்ல எதைப் படிக்கணும்? நீளமா பட்டியல் வேண்டாம், நாலு போதும்.

ராடி டாயிலின் 'தி டிபோர்ட்டீஸ்' (2007) சிறுகதைத் தொகுப்பில் தொடங்கலாம். நைஜீரியாவில் பிறந்த இரு பத்திரிகையாளர்கள் 2000-இல் டப்ளினில் தொடங்கிய 'மெட்ரோ ஏரன்' இதழில், மாதம் 800 சொல் வீதம் தொடராக வந்த கதைகள். அந்த 800 சொல்லை மறக்காதீர்கள். ஒவ்வொரு தவணையும் ஒரு கொக்கியில் முடிந்தாக வேண்டும், அதனால் பாத்திரங்கள் கோட்டோவியமாக இருக்கும், முடிவுகள் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். 'ஆழமில்லை' என்று குறை எழுதும் மாணவர்கள் பலரும் அச்சு வடிவம் கதையை என்ன செய்தது என்று பார்ப்பதில்லை. அடுத்தது மெலாட்டு உச்சே ஒகோரியின் 'திஸ் ஹாஸ்டல் லைஃப்' (2018). மூன்றே கதை, ஒரே நாளில் முடியும், ஒரு வருடம் பேசலாம்.

மூன்றாவது ஹியூகோ ஹாமில்டனின் 'ஹேண்ட் இன் தி ஃபயர்' (2010). கதைசொல்லி ஒரு செர்பியத் தச்சர். வாயைத் திறக்காத வரை அவர் அந்நியர் என்று யாருக்கும் தெரியாது, பேசினால்தான் மாட்டுவார். நிறத்தையும் குடியேற்றத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க இதைவிடத் தோதான நாவல் கிடைப்பது கஷ்டம். நான்காவது ரோசலீன் மெக்டோனாவின் 'அன்செட்டில்ட்' (2021) கட்டுரைகள். டிராவலராகவும் மாற்றுத்திறனாளியாகவும் இருக்கும் ஒரு நாடக ஆசிரியரின் குரல். தலைப்பே இரட்டை அர்த்தம்: டிராவலர் அல்லாதவர்களை அங்கே 'செட்டில்ட்' மக்கள் என்றுதான் சொல்வார்கள்.

4. எல்லாரும் 2004 வாக்கெடுப்பு, 2004 வாக்கெடுப்புன்னு சொல்றாங்க. அது சட்டம்தானே, இலக்கிய மாணவருக்கு எதுக்கு?

2004 முடியும் வரை, அயர்லாந்துத் தீவில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் யாராக இருந்தாலும் குடியுரிமை உண்டு. வெளிநாட்டுப் பெண்கள் பிள்ளை பெறுவதற்கென்றே வந்திறங்குகிறார்கள், டப்ளின் பிரசவ மருத்துவமனைகள் நிரம்பி வழிகின்றன என்ற பேச்சோடு அரசியல் சாசனத் திருத்தம் 2004 ஜூன் 11 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 79 சதவீதம் பேர் 'ஆம்' போட்டார்கள். 2005 ஜனவரி 1 முதல், பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால், பொதுவாக அவர்களில் ஒருவராவது முந்தைய 4 ஆண்டுகளில் 3 ஆண்டு சட்டப்படி அங்கே வசித்திருக்க வேண்டும். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகள்: 2004 டிசம்பரில் பிறந்தவள் ஐரிஷ்காரி, 2005 ஜனவரியில் பிறந்தவன் இல்லை. இப்படி நடக்க வழி வந்தது.

இதை ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' (1922) நாவல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுக்கடையில் ஒருவன் நாயகன் லியோபோல்ட் புளூமிடம் 'உன் தேசம் எது?' என்று கேட்கிறான். புளூமின் அப்பா ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். அயர்லாந்து, இங்கேதான் பிறந்தேன் என்பதுதான் அவன் பதில். அந்தப் பதில் செல்லாது என்று 2004-இல் நாடே வாக்களித்தது. சட்டத்தையும் நாவலையும் சேர்த்து வாசிப்பது என்றால் இதுதான்; 'பின்னணி' என்று ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்வது ஆகாது. எந்தப் படைப்பை எடுத்தாலும் அது 2004-க்கு முன்னா பின்னா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்ற விவாதங்களும் சட்டப் புத்தகமும் இணையத்தில் இலவசம். சென்னையில் உட்கார்ந்தே மூலத்தை வாசிக்கலாம்.

5. டைரக்ட் ப்ரொவிஷன்னா அகதி முகாம்தானே?

இல்லை. தஞ்சம் கோரியவரின் கையில் காசு கொடுக்காமல் இடத்தையும் சாப்பாட்டையும் 'நேரடியாக' வழங்குவது என்பதால் அந்தப் பெயர். 2000-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய ஓட்டல், விடுதி, கோடைக்கால உல்லாச முகாம் எனக் கிடைத்த கட்டடங்களில், பெரும்பாலும் தனியார் ஒப்பந்தத்தில் நடக்கிறது. மீத் மாவட்டத்து மாஸ்னி ஒருகாலத்தில் குடும்பங்கள் விடுமுறைக்குப் போன இடம். பெரியவருக்கு வாரம் 19.10 யூரோ கைச்செலவு என்று நிர்ணயித்த தொகை 2017 வரை அப்படியே கிடந்தது. பல மையங்களில் சமைக்க அனுமதி இல்லை. வேலை செய்யவும் தடை. அந்தத் தடை சாசனத்துக்கு முரண் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 2018-இல் வழி திறந்தது. சில மாதம் என்று சொல்லித் தொடங்கிய ஏற்பாட்டில் பலர் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். ஒகோரி எட்டரை ஆண்டு.

'முகாம்' என்று எழுதினால் தமிழ் வாசகர் மண்டபத்தையும் கும்மிடிப்பூண்டியையும் நினைத்துக்கொள்வார். இங்கே வேலி இல்லை, காவல் கோபுரம் இல்லை. எப்போது சாப்பிடுவது, எதைச் சாப்பிடுவது என்று இன்னொருவர் முடிவெடுப்பதுதான் இதன் கொடுமை. பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு வரியில் விளக்குங்கள்.

6. 'க்ளோஸ் ரீடிங்' பண்ணு, பண்ணுன்னு சொல்றாங்க. ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

சொல் சொல்லாக உற்று வாசிப்பதுதான் அது. 'திஸ் ஹாஸ்டல் லைஃப்' தலைப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம். வாராந்தரச் சாமான் வாங்க விடுதியில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கதைசொல்லி பெவர்லி காங்கோக்காரி. எங்கோசி என்ற பெண் தேன் கேட்கிறாள், தர மறுக்கிறார்கள், சண்டை பிடிக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இவ்வளவுதான் கதை. முதலில் கவனிக்க வேண்டியது கேட்ட பொருளை: பசிக்குச் சோறு கேட்கவில்லை, தேன் கேட்கிறாள். தேவையில் சேராத, விருப்பத்தில் சேரும் பொருள். ஏற்பாடு அவளுக்குத் தேவை இருப்பதை ஏற்கிறது, விருப்பம் இருப்பதை ஏற்கவில்லை. 5-ஆம் பதிலில் சொன்னதெல்லாம் ஒரு சின்னப் பொருளுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அடுத்து மொழி. பெவர்லியின் ஆங்கிலம் பிட்ஜினும் (பல மொழிக்காரர்கள் பேசிப் புழங்க உருவாகும் கலப்பு மொழி) வேறு பேச்சு வழக்குகளும் கலந்து கட்டியது. 'உடைந்த ஆங்கிலம்' என்று எழுதினால் மதிப்பெண் போகும். போக வேண்டியதும்தான். வெவ்வேறு நாட்டுப் பெண்களை ஒரே கூரையின் கீழ் வருடக்கணக்கில் அடைத்து வைத்தால் அவர்களுக்குள் ஒரு பொதுமொழி விளையும். அந்த விளைச்சலை எழுத்தாளர் கட்டமைத்திருக்கிறார். ஒரு பக்கத்தை எடுத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். எந்தக் காலம் அதிகம் வருகிறது, எதிர்காலம் எப்போது வருகிறது என்று எண்ணினாலே ஒரு வாதத்துக்கு நூல் கிடைக்கும்.

7. டிராவலர்ஸை 'நாடோடிகள்'னு மொழிபெயர்க்கலாமா? ஜிப்ஸின்னு?

இரண்டும் வேண்டாம். 'ஜிப்ஸி' தகவலாகவே தப்பு: அவர்கள் ரோமா வழியினர் இல்லை. பஞ்சத்தில் நிலமிழந்து தெருவுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என்பது பழைய நம்பிக்கை. 2017-இல் வெளியான மரபணு ஆய்வு, அவர்கள் மற்ற ஐரிஷ் மக்களிடமிருந்து பிரிந்தது பஞ்சத்துக்கு வெகுகாலம் முன்பே, ஏறக்குறைய 17-ஆம் நூற்றாண்டில் என்று கணித்தது. 'நாடோடி' என்பதிலும் சிக்கல் உண்டு; இன்று பெரும்பாலோர் வீடுகளிலோ நிலையான இடங்களிலோதான் வசிக்கிறார்கள். பழைய அரசு அறிக்கைகளில் வரும் 'இட்டினரன்ட்', நாடகங்களில் வரும் 'டிங்கர்' இரண்டும் இன்று வசைக்குச் சமம். மேற்கோளில் மட்டும் வரட்டும். தங்களை அவர்கள் 'மின்கேர்' என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

2017 மார்ச் 1 அன்று பிரதமர் என்டா கென்னி நாடாளுமன்றத்தில் அவர்களைத் தனி இனக்குழுவாக அங்கீகரித்தார். 2022 கணக்கெடுப்பில் சுமார் 33,000 பேர். குடியேற்றம் பற்றிய ஆய்வில் டிராவலர்களைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கலாம், காரணத்தோடு: எங்கிருந்தும் வராத ஒருவரை வந்தேறியைப் போல நடத்த முடியும் என்றால், 'வந்தேறி' என்பது பயணத்தைக் குறிக்கும் சொல்லே இல்லை என்றாகிறது.

8. அயர்லாந்தும் வெள்ளைக்காரன்கிட்ட அடிமைப்பட்ட நாடுதானே. அப்போ அவங்களும் நம்மள மாதிரிதான்னு எழுதலாமா?

இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களில் அதிகம் பார்க்கும் வாக்கியம் இது. முழுப் பொய் இல்லை, பாதிதான் உண்மை. ஜாலியன்வாலாபாக் நடந்த 1919-இல் பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓ'ட்வயர் டிப்பரரியில் பிறந்த ஐரிஷ்காரர். அடுத்த வருடமே, 1920 ஜூனில், அதே பஞ்சாபில் கானாட் ரேஞ்சர்ஸ் படையின் ஐரிஷ் சிப்பாய்கள், தங்கள் ஊரில் ஆங்கிலேயப் படை செய்யும் அட்டூழியத்தைக் கண்டித்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஜேம்ஸ் டேலி என்ற சிப்பாயை நவம்பரில் தக்ஷாயில் சுட்டுக் கொன்றார்கள். ஆட்சி செய்தவனும் ஐரிஷ், மறுத்தவனும் ஐரிஷ். 'நம்மள மாதிரி' என்றால் யாரை மாதிரி?

அமெரிக்காவுக்குப் போனதும் இன்னொரு திருப்பம். கோல்ம் டோய்பினின் 'புரூக்ளின்' (2009) நாவலில், 1950-களில் என்னிஸ்கார்த்தியிலிருந்து போன எய்லிஷ் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண். கறுப்பினப் பெண்களுக்கான நிறங்களில் காலுறை விற்க முதலாளி முடிவு செய்கிறார். முதல் முறையாக அந்தப் பெண்கள் கடைக்குள் வரும்போது எய்லிஷ் கல்லாவுக்கு உள்பக்கம் நிற்கிறாள். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஊர் நினைப்பில் ஏங்குகிறாள், ஆனால் நிற்கும் பக்கம் அது. புலம்பெயர்ந்தவள் வெள்ளைக்காரியாகிற கணத்தை டோய்பின் ஒரு மேசையை நடுவில் போட்டே காட்டிவிடுகிறார். ஒற்றுமையை எழுதுங்கள், கூடவே அந்த மேசையையும் எழுதுங்கள்.

9. அமெரிக்காவில் ஐரிஷ்காரங்களையும் அடிமையா வித்தாங்கன்னு இணையத்தில் நிறைய வருதே?

அது கட்டுக்கதை. 17-ஆம் நூற்றாண்டில் ஐரிஷ்காரர்கள் பலர் பார்படோஸ் முதலிய இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டது உண்மை. கட்டாயப்படுத்தி ஏற்றியதும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு இருந்தது, பிள்ளைகளுக்கு அது தொற்றவில்லை. ஆப்பிரிக்க அடிமை முறை வாழ்நாளுக்கும் வம்சத்துக்கும் ஆனது. இரண்டையும் ஒன்றாக்கும் பதிவுகள் பெரும்பாலும் 'நாங்களும்தான் பட்டோம், நீங்கள் ஏன் புலம்புகிறீர்கள்' என்று கறுப்பின மக்களின் வாயை அடைக்கப் பரப்பப்படுபவை.

அடிமைத்தனத்திலிருந்து தப்பிய அமெரிக்கக் கறுப்பினப் பேச்சாளர் பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் அயர்லாந்து வந்து மாதக்கணக்கில் தங்கினார். தன்னை நிறமாகப் பார்க்காமல் மனிதனாக நடத்தினார்கள் என்று டப்ளினிலிருந்து எழுதினார். டப்ளின் தெருக்களின் வறுமையையும் கண்ணால் பார்த்தவர். அவரே 1850-இல் பேசும்போது ஐரிஷ்காரன் ஏழை, ஆனால் அடிமை இல்லை என்று பிரித்துச் சொன்னார். கட்டுரையில் இதை மேற்கோள் காட்டினால் போதும், நீண்ட மறுப்பு தேவையில்லை.

10. வெள்ளை எழுத்தாளர் குடியேறியவரைப் பத்தி எழுதினா அது 'சொந்தக் குரலைப் பறிக்கிறது' ஆகாதா?

ஒரே பதில் கிடையாது. டாயிலின் 'தி கமிட்மென்ட்ஸ்' (1987) நாவலில் ஒரு பாத்திரம், ஐரோப்பாவின் கறுப்பர்கள் ஐரிஷ்காரர்களே என்று, கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல்லைப் போட்டே பேசுகிறது. அயர்லாந்து பணக்கார நாடான பிறகு அந்த வரிக்கு அர்த்தமே இல்லை, இன்று அதை எழுதமாட்டேன் என்று டாயிலே பின்னால் 'தி டிபோர்ட்டீஸ்' முன்னுரையில் சொல்லிவிட்டார். ஒரே எழுத்தாளருக்குள் இருபது வருடத்தில் ஒப்பீடு செத்துப்போவதைக் காட்டும் நல்ல சான்று இது. 2007-இல் டப்ளினின் அபி தியேட்டருக்காக டாயிலும் நைஜீரிய நாடகக்காரர் பிசி அடிகுனும் சேர்ந்து, ஜான் மில்லிங்டன் சிங்கின் 1907 நாடகமான 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்'-ஐத் திருத்தி எழுதினார்கள். அப்பனைக் கொன்றதாகச் சொல்லி மதுக்கடைக்குள் நுழையும் அந்நியன் இப்போது தஞ்சம் கோரி வந்த நைஜீரியன். பிறகு உரிமை பற்றி வழக்காகி, சமரசத்தில் முடிந்தது. 'யார் குரல்' என்ற கேள்வி அங்கே நீதிமன்றப் படியே ஏறிவிட்டது.

பால் லிஞ்சின் 'பிராஃபெட் சாங்' இன்னும் சிக்கல். அயர்லாந்தே சர்வாதிகாரத்தில் விழுந்து, டப்ளின்காரர்கள் அகதியாகிறார்கள். 2023 நவம்பர் 26 அன்று புக்கர் பரிசு பெற்றது; மூன்று நாள் முன்புதான் டப்ளின் நடுவில் குடியேற்ற எதிர்ப்புக் கலவரம் நடந்திருந்தது. அகதியின் துயரம் வெள்ளை முகத்தில் வந்தால்தான் வாசகருக்கு வலிக்கிறதா, அல்லது வலியை வீட்டுக்குள் கொண்டுவர அதுதான் வழியா? இரண்டு பக்கமும் வாதிடலாம். எங்கள் பார்வையில், இந்த நாவலைத் தனியாக எடுக்காமல் ஒகோரியோடு சேர்த்து எடுத்தால்தான் ஆய்வு நிற்கும்.

11. இந்தியர்கள் யாராவது எழுதியிருக்காங்களா? தமிழ் தொடர்பு ஏதாவது?

இருக்கிறது. சென்னையிலிருந்து 1987-இல் அயர்லாந்து போய்க் குடியேறிய காவேரி மாதவன் ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதுகிறார். 'பேடி இந்தியன்' (2001) டப்ளினுக்கு வரும் இந்திய மருத்துவரைப் பற்றியது. 'தி டெயின்ட்டட்' (2020) கானாட் ரேஞ்சர்ஸ் கலகத்தைத் தழுவிய கதையையும் ஆங்கிலோ-இந்தியர்களையும் இணைக்கிறது. 8-ஆம் பதிலில் சொன்ன சிக்கலை நாவலாகவே பார்க்கலாம். கவிதையில், இந்தியாவில் பிறந்த நிதி ஸாக்/ஆரியா ஐப்பின் முதல் தொகுப்பு 2021-இல் வந்தது. இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் அங்கே 2022-இல் சுமார் 45,000 பேர், அந்த எண்ணிக்கைக்கு ஆய்வு மிகக் குறைவு. இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

12. ஐரிஷ் மொழி கத்துக்கணுமா?

கட்டாயமில்லை. மேலே சொன்னவை எல்லாம் ஆங்கிலம். ஆனால் ஹாமில்டனின் 'தி ஸ்பெக்கிள்ட் பீப்பிள்' (2003) மாதிரி நூலை எடுத்தால், மொழி வெறி பிடித்த அப்பாவும் ஜெர்மன் அம்மாவும் உள்ள வீட்டில் ஆங்கிலமே தடை. மொழியை இன அடையாளமாக்குவது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. ஒரு தொடக்கநிலை வகுப்பு போனால் போதும், பெயர்களைச் சரியாக உச்சரிக்கவாவது உதவும்.

13. இதுக்கு அயர்லாந்துக்கே போகணுமா? எந்த ஊர் நல்லது?

எதைப் படிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டப்ளின் டிரினிட்டி, யு.சி.டி. (யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளின்), கார்க், கால்வே, மேனூத் எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறார்கள். நாடகம் என்றால் கால்வே: அபி தியேட்டரின் ஆவணங்கள் டிஜிட்டல் வடிவில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, அங்கே உட்கார்ந்துதான் பார்க்க முடியும். ஐரிஷ்-அமெரிக்க இன வரலாறு என்றால் நோட்டர் டேம், பாஸ்டன் காலேஜ், நியூயார்க் பல்கலைக்கழகம். ஸ்பெயினிலும் பிரேசிலின் சாவோ பாவ்லோவிலும் இந்தத் துறை உயிரோடு இருக்கிறது. குடியேறியவர் பாத்திரம் பற்றிய முக்கியக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை 2014-இல் தொகுத்தவர் கிரனாடாவின் பிலார் வில்லார்-அர்காயிஸ்.

ஒரு பொறி: டிரினிட்டியின் 'ஐரிஷ் ரைட்டிங்' படிப்புக்கு எம்.ஃபில். என்று பெயர். நம் ஊரில் இருந்த எம்.ஃபில். மாதிரி முதுகலைக்குப் பின் வருவதில்லை. ஒரு வருட முதுகலைப் படிப்புதான் அது. பி.ஏ. முடித்தவரே விண்ணப்பிக்கலாம், எம்.ஏ. முடித்தவர் பெயரைப் பார்த்து ஏமாந்து இன்னொரு முதுகலைக்குப் பணம் கட்டாதீர்கள்.

14. செலவு, உதவித்தொகை, விசா பத்திச் சுருக்கமா சொல்லுங்க.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வருட முதுகலைக் கட்டணம் பெரும்பாலும் 15,000 யூரோவைத் தாண்டும், 20,000-ஐத் தொடுவதும் உண்டு. வாடகைதான் அதைவிடத் தலைவலி, டப்ளினில் குறிப்பாக. அயர்லாந்து அரசின் சர்வதேச உதவித்தொகை வருடம் 60 பேருக்கு: முழுக் கட்டண விலக்கு, கையில் 10,000 யூரோ. இதற்கு விண்ணப்பிக்கும்போதே ஏதாவது ஒரு கல்வி நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கே. நவம்பர், டிசம்பருக்குள் படிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு 'ரிசர்ச் அயர்லாந்து' உதவித்தொகை எந்த நாட்டவருக்கும் திறந்தது. 2025-இல் ஆண்டுக்கு 25,000 யூரோ. கட்டணப் பங்காக 5,750 யூரோ வரை மட்டுமே தருவார்கள். வெளிநாட்டவர் கட்டணம் அதைவிட அதிகம், மீதியைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்யுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். விசாவுக்கு வாழ்க்கைச் செலவாக 10,000 யூரோ காட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் குடிவரவுப் பதிவுக்கு 300 யூரோ. மாணவர் அனுமதியான 'ஸ்டாம்ப் 2'-இல் பாட நாட்களில் வாரம் 20 மணி நேர வேலை. முதுகலை முடித்தால் 'ஸ்டாம்ப் 1ஜி'-இல் 24 மாதம் வரை தங்கலாம். தொகைகள் மாறும். கட்டும் முன் அரசு தளத்தில் சரிபாருங்கள்.

15. அங்கே இப்போ இந்தியர்களை அடிக்கிறாங்களாமே. போகலாமா?

2025 கோடையில் டப்ளினிலும் சுற்றிலும் இந்தியர்கள் தாக்கப்பட்டது உண்மை; ஆகஸ்ட் 1 அன்று டப்ளின் இந்தியத் தூதரகம் எச்சரிக்கை அறிவிப்பே விட்டது. தாக்கியவர்களில் பதின்வயதினர் கூட்டங்கள் பேசப்பட்டன. வாடகை வீட்டை விலை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், இரவு நூலகத்திலிருந்து திரும்பும் பேருந்துத் தடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த ஊரில் ஏற்கெனவே படிக்கும் இந்திய மாணவர்களிடம் பகுதியின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். ஏதாவது நடந்தால் கார்டா எனப்படும் காவல்துறையில் புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

16. என் ஆய்வு முன்மொழிவு திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுது. என்ன தப்பு?

பெரும்பாலும் தலைப்பிலேயே தெரியும். 'சமகால ஐரிஷ் புனைவில் அடையாளமும் கலப்புத்தன்மையும்' என்று வரும், உள்ளே பின்காலனியக் கோட்பாட்டாளர் ஹோமி கே. பாபா மூன்று பக்கம் இருப்பார், நாவலுக்கு அரைப்பக்கம். கோட்பாடு முதலில் வந்து, படைப்பு அதற்குச் சாட்சி சொல்ல இழுத்து வரப்படுகிறது. மதிப்பிடுபவர் பார்ப்பது மூன்று: என்ன கேள்வி, எந்தப் படைப்புகள், ஏன் இந்தக் காலவரையறை.

'டைரக்ட் ப்ரொவிஷன் பற்றிய புனைவில் சாப்பாட்டுக் காட்சிகள், 2004 முதல் 2018 வரை: சமைக்க முடியாதவர் எப்படிக் கதை சொல்கிறார்?' என்று திருப்பிப் பாருங்கள். சின்னதாகத் தெரியும், ஆனால் படைப்புகள் உண்டு, சட்டம் உண்டு, முடிவு என்னவாகும் என்று தெரியாத கேள்வியும் உண்டு. மேற்பார்வையாளருக்கு முதல் மின்னஞ்சல் 200 சொல்லுக்குள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து அதில் எங்கே உங்கள் கேள்வி முளைக்கிறது என்று ஒரு வரி. 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா' என்று நாற்பது பேருக்கு ஒரே கடிதம் போனால் நாற்பதும் குப்பைக்குப் போகும்.

17. அகதியா இருந்தவங்களே எழுதினதை அப்படியே உண்மைச் சாட்சியமா எடுத்துக்கலாம்தானே?

இந்தப் பொறியை ஒகோரியே கதையாக வைத்திருக்கிறார். 'அண்டர் தி ஆனிங்' கதையில் ஒரு கறுப்பினப் பெண் எழுத்துப் பயிற்சிக் குழுவில் தன் கதையை வாசிக்கிறாள். உள்கதை முழுக்க 'நீ' என்று முன்னிலையில் போகிறது: நீ பேருந்தில் ஏறுகிறாய், உன்னைப் பார்க்கிறார்கள் என்கிற தினுசில். வாசித்து முடித்ததும் கேட்டவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். கதைக்குள்ளேயே நம்மை மாதிரி வாசகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு நடந்ததா என்று தேடுவதில் நாம் மும்முரமாக இருக்கும்போது, 'நான்' என்று சொல்லாமல் அவள் ஏன் 'நீ' என்று எழுதினாள் என்ற கேள்வி கைநழுவிப் போகிறது.

தஞ்சம் கோருபவர் அதிகாரி முன்னால் தன் கதையை முரணில்லாமல், தேதி பிசகாமல் சொல்ல வேண்டும், நம்பினால்தான் அனுமதி. இலக்கியத்தையும் அதே கண்ணோடு வாசித்தால் நாமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம். வாழ்க்கைத் தகவலை அடிக்குறிப்பில் வையுங்கள், வடிவத்தை நடுவில் வையுங்கள்.

18. 'நீ யார், எங்கிருந்து வாசிக்கிறாய்'னு ஆய்வேட்டில் எழுதச் சொல்றாங்க. நான் மதுரைக்காரன். என்ன எழுதுறது?

அரைப்பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிறந்த ஊர், படித்த பள்ளி என்று சுயவிவரம் எழுதுவதில் பயனில்லை. உங்கள் இடம் எதைப் பார்க்க வைத்தது, எதைத் தப்பாகப் பார்க்க வைத்தது என்று இரண்டு உதாரணம் போதும். 'இனம்' என்ற ஒரே சொல் மூன்று கருத்தை மறைத்தது (2), 'காலனி' என்ற சொல் ஓ'ட்வயரை மறைத்தது (8): இப்படி. டிராவலர்கள் பற்றிய பகுதியில் சாதி நினைவுக்கு வரும், வரத்தான் செய்யும். அதை எழுதுவதானால், ஒரே கிராமத்தில் தண்ணீர்க் குழாயும் பள்ளி வரிசையும் யாருக்கு எங்கே என்ற அளவுக்குக் குறிப்பாக எழுதுங்கள், நீங்கள் அந்த வரிசையில் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதையும் சேர்த்து. முன்னுரையில் வைக்காமல், அது வாசிப்பை மாற்றும் அத்தியாயத்தில் வையுங்கள்.